சிறுநீர்ப்பைப் புற்றுநோய்: அறுவைக்கு முன் கீமோ எதற்கு?

சிறுநீர்ப்பையின் சுவரில் பல அடுக்குகள் உண்டு. சிறுநீர் படும் உட்புறத்தில் மெல்லிய படலம். அதை ஒட்டி இணைப்புத் திசு. அதற்கும் அப்பால், பையைச் சுருக்கிச் சிறுநீரை வெளியேற்றும் தடித்த தசை. இங்கே வரும் புற்றுநோய் பெரும்பாலும் உட்படலத்தில் தொடங்குகிறது. படலத்தோடு நின்றிருந்தால், சிறுநீர்ப் பாதை வழியே கருவியைச் செலுத்திச் சுரண்டி எடுத்து, பைக்குள் மருந்து விட்டுத் தொடர்ந்து கண்காணிப்பார்கள். தசைக்குள் இறங்கிவிட்டால் நிலைமை வேறு. புதிதாக நோய் கண்டறியப்படுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அந்தக் கட்டத்தில்தான் மருத்துவரிடம் வருகிறார்.

தசைக்குள் இறங்கிய புற்றுக்கு நெடுங்காலமாக இருந்த முதன்மைச் சிகிச்சை, பையையே முழுதாக அகற்றுவது. ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பியும், பெண்களுக்குப் பல நேரங்களில் கருப்பையும் சேர்ந்து போகும். பிறகு சிறுகுடலில் ஒரு துண்டை எடுத்து, வயிற்றின் மேல் ஒட்டிய பையில் சிறுநீர் வடிய வழி செய்வார்கள். சிலருக்கு அந்தக் குடலைக் கொண்டே உள்ளே புதுப் பை தைத்து வைப்பார்கள். இத்தனை பெரிய அறுவைக்குப் பிறகும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நோய் திரும்பியது. அதுவும் நுரையீரல், எலும்பு, கல்லீரல் என்று எங்கோ தொலைவில் தலைகாட்டியது. அறுவை நிபுணரின் கைத்திறனில் குறை இருந்ததால் அல்ல. கத்தி வைப்பதற்கு முன்பே சில செல்கள் ரத்தத்திலும் நிணநீரிலும் கலந்து கிளம்பிவிட்டிருந்தன. அவ்வளவு சிறிய சிதறல் எந்த ஸ்கேனிலும் தெரிவதில்லை.

சிதறிய செல்களை மருந்துதான், அதாவது கீமோதான், எட்டும். அதை ஏன் முதலில் தர வேண்டும் என்பதற்கு மூன்று காரணங்கள். சிதறல் சிறிதாக இருக்கும்போதே மருந்து போய்ச் சேர்கிறது. நோயாளியின் உடல் அறுவையின் பாதிப்பைச் சந்திக்காமல் ஓரளவு தெம்பாக இருக்கிறது. மாறாக, அறுவைக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தால் பலருக்கு அந்த வாய்ப்பே வருவதில்லை. புண் ஆறுவதில் தாமதம், கிருமித் தொற்று, சிறுநீரகம் தளர்வது என்று ஏதாவது குறுக்கே வந்துவிடும். கடைசியாக, எடுத்த பையை ஆய்வுக்கூடத்தில் வெட்டிப் பார்க்கும்போது மருந்து வேலை செய்ததா என்பதற்கு நேரடிச் சான்று கிடைக்கிறது.

இந்தச் சிகிச்சையின் முதுகெலும்பு சிஸ்பிளாட்டின் என்ற மருந்து. 1960களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க், மின்சாரம் பாயும்போது பாக்டீரியா எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்தார். பாக்டீரியா பிரியாமல் இழை இழையாக நீண்டது. காரணம் மின்சாரம் அல்ல. பிளாட்டின மின்முனைகளிலிருந்து கரைந்த சேர்மம். செல் பிரிவதைத் தடுக்கும் அந்தச் சேர்மம் 1978இல் அமெரிக்காவில் புற்றுநோய் மருந்தாக அனுமதி பெற்றது. 1980களில் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவர்கள் இதனுடன் மெத்தோட்ரெக்ஸேட், வின்பிளாஸ்டின், டாக்ஸோரூபிசின் ஆகியவற்றைச் சேர்த்து உருவாக்கியதே எம்-வேக் என்ற கூட்டு மருந்து.

அறுவைக்கு முன் எம்-வேக் தந்தால் பலன் உண்டா என்று பார்க்க 1987இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு தொடங்கியது. 317 பேரைச் சேர்ப்பதற்கே 11 ஆண்டுகள் பிடித்தன. ஒரு பாதிக்கு அறுவை மட்டும். மறு பாதிக்கு மூன்று சுற்று எம்-வேக், பிறகு அறுவை. 2003இல் வெளிவந்த முடிவின்படி, அறுவை மட்டும் செய்துகொண்டவர்களின் இடைநிலை ஆயுள் 46 மாதங்கள். கீமோவும் பெற்றவர்களுக்கு 77 மாதங்கள். புள்ளியியல் கணக்கில் அந்த வித்தியாசம் எல்லைக்கோட்டில்தான் நின்றது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஆய்வுக்கூடத்தில் தெரிந்தது அழுத்தமான செய்தி. கீமோ பெற்றவர்களில் 38 சதவீதம் பேருக்கு, அகற்றிய பையில் தேடியும் புற்று இல்லை. அறுவை மட்டும் நடந்தவர்களில் இது 15 சதவீதம். அவர்களுக்கு நோயைக் கண்டறிய முதலில் சுரண்டி எடுத்ததிலேயே கட்டி முழுதாக வந்திருந்தது. பையில் புற்று மிஞ்சாதவர்களில் 85 சதவீதம் பேர் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். கீமோவால் அறுவை கைநழுவிப் போகும் என்ற அச்சமும் பொய்த்தது: இரு தரப்பிலும் ஏறத்தாழ ஒரே விகிதத்தினர் அறுவை செய்துகொண்டார்கள்.

இதுபோன்ற ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, ஐந்தாண்டு உயிர்வாழ்வு 45 சதவீதத்திலிருந்து 50 ஆக உயர்வது தெரிந்தது. ஐந்து புள்ளி கூடுதல் கொஞ்சம்தானே என்று தோன்றலாம். நூறு பேரில் கூடுதலாக ஐந்து பேர் பிழைப்பது கொஞ்சமல்ல.

இன்று பரவலாகத் தரப்படுவது ஜெம்சைட்டபினும் சிஸ்பிளாட்டினும் சேர்ந்த மருந்து: மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று, வழக்கமாக நான்கு சுற்று. உடல் தாங்குபவர்களுக்கு எம்-வேக்கையே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நெருக்கித் தருவதும் உண்டு. வெள்ளணு குறையாமலிருக்கத் தனி ஊசி போடுவார்கள். சிஸ்பிளாட்டின் ஏறும் நாள் நீளமானது. முதலில் மணிக்கணக்கில் சலைன் ஏறும், அதில் மக்னீசியமும் கலந்திருக்கும். வாந்தியைத் தடுக்கும் மருந்துகள் முன்கூட்டியே போகும். பிறகுதான் சிஸ்பிளாட்டின், அது முடிந்ததும் மறுபடி சலைன். இடையிடையே எவ்வளவு சிறுநீர் போகிறது என்று செவிலியர் அளந்து குறித்துக்கொள்வார். இத்தனை பாடும் சிறுநீரகத்தைக் காப்பாற்றத்தான். காதில் இரைச்சல், கேட்கும் திறன் குறைவது, கை கால் விரல்களில் மரமரப்பு ஆகியவற்றைத் தெரிந்தவுடன் சொல்லிவிட வேண்டும். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த இரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெள்ளணு குறைந்திருக்கும்போது தொற்று சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

இந்த மருந்து எல்லோருக்கும் ஒத்துவராது. சிறுநீரகம் தளர்ந்தவர்கள், காது கேட்பது ஏற்கெனவே குறைந்தவர்கள், கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், மிகவும் நலிந்தவர்கள் ஆகியோருக்குச் சிஸ்பிளாட்டின் தர முடியாது. இந்த நோய் முதியவர்களை அதிகம் தாக்குவதால் இப்படிப்பட்டவர்கள் ஏராளம். சிலருக்குக் கட்டியே சிறுநீர்க்குழாயை அடைத்துச் சிறுநீரகத்தை வீங்க வைத்திருக்கும். ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்து அடைப்பை நீக்கினால் சிறுநீரகம் தேறி, மருந்துக்கு வழி பிறக்கலாம். சிஸ்பிளாட்டினுக்குப் பதில் கார்போபிளாட்டின் தருவது அறுவைக்கு முந்திய சிகிச்சையில் ஏற்கத்தக்கதல்ல. ஆயுளைக் கூட்டும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. சிஸ்பிளாட்டின் தர முடியாதவர்களுக்கு நேரே அறுவைக்குப் போவதே மேல் என்பதுதான் வெகுகாலம் சொல்லப்பட்டுவந்த ஆலோசனை.

2024இல் வெளிவந்த நயாகரா ஆய்வு அடுத்த படியைக் காட்டியது. 1,063 பேர் பங்கேற்ற இதில், கீமோவோடு டர்வலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தையும் சேர்த்து, அறுவைக்குப் பிறகும் அதைத் தொடர்ந்தவர்களில் இரண்டு ஆண்டு முடிவில் 82 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். கீமோ மட்டும் பெற்று அறுவை செய்துகொண்டவர்களில் 75 சதவீதம். பையை எடுக்காமல் கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துத் தரும் முறையும் தகுந்தவர்களுக்கு உண்டு.

இவ்வளவு சான்று இருந்தும், தகுதியுள்ள பலர் கீமோ பற்றிக் கேள்விப்படாமலே அறுவை மேசைக்குப் போய்விடுகிறார்கள். புற்று என்றதும் உடனே வெட்டி எடுத்துவிட வேண்டும் என்ற பதற்றம் குடும்பத்துக்கு வருவது இயல்பு. ஆனால் அறுவைக்குத் தேதி குறிக்கும் முன் மூன்று கேள்விகள் கேட்டாக வேண்டும். சுரண்டி எடுத்த திசுவில் தசை இருந்ததா, அதில் புற்று இறங்கியிருக்கிறதா? சிறுநீரகமும் காதும் சிஸ்பிளாட்டினைத் தாங்குமா? புற்றுநோய் மருந்தியல் நிபுணர் நோயாளியைப் பார்த்துவிட்டாரா? மூன்றுக்கும் பதில் வாங்கிய பிறகு தேதி குறிக்கலாம்.