சாய்ந்தும் வீழாத மரமாளிகை

கோடை விடுமுறையில் டில்லியிலிருந்து சிம்லாவுக்குச் சென்று வரும் நம் அன்பர்கள், அங்கே பார்ன்ஸ் கோர்ட் என்னும் மாளிகையைக் கண்டிருக்கக்கூடும். 1972ஆம் ஆண்டில் இந்திய பாகிஸ்தான் ஒப்பந்தம் கையெழுத்தான இடம் அது. கரிய மரச்சட்டங்களும் அவற்றிடையே வெண்ணிறச் சுவர்களுமாகக் காட்சி தரும் அக்கட்டடம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் தம் தாய்நாட்டு நினைவாக எழுப்பிய ஒரு சாயலே. அச்சாயலுக்கு மூலமான வீடுகள் எத்தகையவை என்று அறிய வேண்டுமாயின், இங்கிலாந்தின் செஷயர் மாவட்டத்திலுள்ள லிட்டில் மோர்ட்டன் ஹால் என்னும் வீட்டையே முதலில் நோக்க வேண்டும்.

நாற்புறமும் அகழி சூழ்ந்த அவ்வீட்டின் படத்தை முதன்முறை காண்போர், "இது இன்னும் விழவில்லையா?" என்றே வியப்பர். சுவர்கள் ஒரு பக்கம் பிதுங்குகின்றன. தளங்கள் அலைபோல் ஏறி இறங்குகின்றன. சாளரங்களுள் நேர்கோட்டில் நிற்பவை சிலவே. ஆயினும் 500 ஆண்டுகளைக் கடந்து அவ்வீடு நிற்கிறது. அதன் காரணத்தை ஆராய்வது பயனுடையது.

வில்லியம் மோர்ட்டன் என்பவர் ஏறத்தாழ 1504ஆம் ஆண்டில் இதனைக் கட்டத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்தோர் தத்தம் தேவைக்கும் செல்வத்திற்கும் ஏற்பக் கூடங்களையும் அறைகளையும் சேர்த்துக்கொண்டே சென்றனர். 1610 வரை நூறாண்டுக் காலம் வளர்ந்த வீடு இது. ஒரே வரைபடத்தில் அடங்காமையே இதன் அழகுக்குக் காரணம் எனலாம்.

இவ்வகை வீட்டில் சுவர் பாரம் தாங்குவதில்லை. பாரத்தைத் தாங்குவது ஓக் மரத்தாலான எலும்புக்கூடு. கல் அடித்தளத்தின் மீது கிடைச்சட்டத்தை வைத்து, அதன்மேல் தூண்களையும் உத்தரங்களையும் குறுக்குச்சட்டங்களையும் நிறுத்துவர். ஒரு மரத்தில் துளை குடைந்து, மற்றொன்றின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி அதனுள் செருகி, மரமுளை அடித்து இறுக்குவர், இரும்பாணியை நம்பினாரில்லை. இன்னும் ஒரு நுட்பமும் உண்டு. அக்காலத் தச்சர்கள் வெட்டிய மரத்தைப் பல்லாண்டு உலரவிடாமல் பச்சையாகவே இழைத்துப் பொருத்தினர். பச்சை மரம் உளிக்கு இளகிக் கொடுக்கும். கட்டிய பின் உலர்ந்து சுருங்கும்போது இணைப்புகள் மேலும் இறுகும். ஆனால் அதே சுருக்கத்தில் சட்டங்கள் சற்று முறுக்கிக்கொள்வதும் உண்டு. இத்தகைய வீடுகளின் கோணலுக்கு ஒரு பகுதிக் காரணம் இதுவே.

சட்டங்களை முதலில் தரையிலேயே பொருத்திப் பார்த்து, ஒவ்வொன்றிலும் எண்குறி கீறி, கழற்றிச் சென்று உரிய இடத்தில் நிறுத்துவது வழக்கம். பிறகு சட்டங்களின் இடைவெளியில் மெல்லிய கழிகளைப் பின்னி, களிமண்ணோடு வைக்கோலும் சாணமும் குழைத்து அப்புவர். நம் நாட்டுக் கிராமத்து மண்சுவரை அறிந்தோருக்கு இக்கலவை அந்நியமானதன்று.

1559ஆம் ஆண்டில் முற்றத்தை நோக்கி இரண்டு பெரிய ஐங்கோணச் சாளர மாடங்கள் எழுந்தன. அவற்றில் வீட்டுக்குடையவர் பெயரோடு, அவற்றைச் செய்த தச்சர் ரிச்சர்ட் டேல் என்பவரின் பெயரும் செதுக்கப்பட்டுள்ளது. உழைத்தவன் பெயர் மறைந்து, செலவிட்டவன் பெயர் மட்டும் நிலைப்பதே உலக வழக்கமாயிருக்க, இங்கே இருவரும் அருகருகே நிற்கின்றனர். கண்ணாடி விலையுயர்ந்த பொருளாக இருந்த அக்காலத்துச் செல்வச் செருக்கை, வீடு முழுவதும் ஈயச்சட்டங்களில் பதிந்துள்ள ஏறத்தாழ 30,000 கண்ணாடித் துண்டுகள் இன்றும் பறைசாற்றுகின்றன.

அச்செருக்கே வீட்டிற்கு வினையாகவும் அமைந்தது. தென்புறப் பகுதி எழத் தொடங்கிய பின்னரே, அதன் உச்சியில் 68 அடி நீளமுள்ள ஒரு கூடத்தை அமைக்கும் எண்ணம் தோன்றியதாகத் தெரிகிறது. அதற்குக் கனத்த கற்பலகைகளால் கூரை வேய்ந்தனர். கீழ்த்தளங்களோ அப்பாரத்திற்கென்று திட்டமிடப்பட்டவை அல்ல. ஆகவே அவை வளைந்தன, பிதுங்கின. ஆனால் ஒடியவில்லை. மரச்சட்டகம் இணைப்புக்கு இணைப்பு சிறிது நெகிழ்ந்து, பாரத்தைப் பகிர்ந்துகொண்டது.

வீட்டைவிடக் குடும்பமே முதலில் தளர்ந்தது. 1640களின் உள்நாட்டுப் போரில் மோர்ட்டன் குடும்பத்தார் மன்னர் பக்கம் நின்றனர். எதிர்த்தரப்பினர் வீட்டைக் கைப்பற்றிப் படையினரைத் தங்கவைத்தனர். பின்னர்க் கடன் சூழ்ந்தது. நிலத்தின் சில பகுதிகள் கைமாறின. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் குடும்பத்தார் வெளியேறி, வீட்டை உழவர்களுக்குக் குடிக்கூலிக்கு விட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பல அறைகள் ஆளின்றிக் கிடந்தன. வழிபாட்டு அறையில் நிலக்கரியைக் குவித்து வைத்திருந்தனர்.

1892ஆம் ஆண்டில் அது எலிசபெத் மோர்ட்டன் என்னும் கன்னியாஸ்திரீயின் உரிமையாயிற்று. இல்லறம் துறந்த அவ்வம்மையாரே இல்லத்தைக் காத்தார் என்பது நினைக்கத் தக்கது. அவர் வழிபாட்டு அறையைச் சீர்ப்படுத்தினார். நெடுங்கூடத்தினுள் எஃகுக் கம்பிகளைச் செலுத்தி வலுவூட்டியவரும் அவரே எனக் கருதப்படுகிறது. கோணலை நிமிர்த்த முயலவில்லை. கோணலோடு நிற்க ஊன்றுகோல் கொடுத்தார். எக்காலத்தும் விற்கலாகாது என்ற நிபந்தனையோடு, 1912இல் அவ்வீட்டை உறவினரான சார்லஸ் ஆபிரகாம் பாதிரியாருக்கு விட்டுச் சென்றார். அவர்வழி 1938ஆம் ஆண்டில் அது நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிறுவனத்தை அடைந்தது. 1976இல், பிற்காலத்து மரப்பலகைகளுக்குப் பின்னே மறைந்திருந்த பழைய சுவரோவியங்கள் வெளிப்பட்டன. வீட்டை இடித்தோ மாற்றியோ இருந்தால் அவையும் மண்ணோடு போயிருக்கும்.

கறுப்பும் வெளுப்புமான தோற்றமே தொன்மையானது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பூச்சு. ஆதியில் ஓக் மரம் பூச்சின்றி வெயிலிலும் மழையிலும் வெள்ளிச் சாம்பல் நிறம் எய்தும். இடைச்சுவர் மஞ்சட் காவியாக இருக்கும். சிம்லாவில் நாம் காண்பது சாயலின் சாயலே.

பிழைப்பை நாடிப் பிற மாநிலம் வந்துள்ள நம்மிற் பலருக்கு, சொந்த ஊரில் பூட்டிய வீடு ஒன்று உண்டு. அதனைப் புதுமாளிகையாக்க எல்லோராலும் இயலாது. ஆயினும் மழைக்கு முன் ஓட்டைத் திருப்பிப் போடவும், சாய்ந்த தூணுக்கு முட்டுக் கொடுக்கவும் இயலுமன்றோ? நேராக நிற்பதைவிட, விழாமல் நிற்பதே ஒரு வீட்டிற்கு முதற்கடமை. அக்கடமையில் அதற்குத் துணை நிற்பது நம் கடமை.