ஏட்டில் ஏறாத குற்றங்கள்

அஸ்தம்பட்டி வழியே செல்லும் மாணவர்கள் சேலம் மத்தியச் சிறையின் மதிலை நாள்தோறும் காண்கின்றனர். மதிலுக்குள் இருப்போர் குற்றம் புரிந்தோர், குற்றத்துக்கு ஆளானோர் வெளியே இருப்போர் என்று எண்ணுவது நம் இயல்பு. அவ்வெண்ணம் முற்றிலும் பிழைபட்டுப்போன நிகழ்ச்சி ஒன்றை முதற்கண் நினைவுகூர விழைகின்றோம்.

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள பழங்குடியினர் சிற்றூர் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, பதுக்கிய சந்தனக் கட்டையைத் தேடுவதாகக் கூறி வனம், காவல், வருவாய் ஆகிய மூன்று துறையினரும் அவ்வூருக்குள் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, மக்கள் கடுமையாகத் தாக்கப்பட்டனர், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாயினர். கைது செய்யப்பட்ட 133 பேரில் 90 பேர் பெண்கள், 28 பேர் சிறார்கள். அப்பெண்கள் அடைக்கப்பட்டது இதே சேலம் சிறையில்தான்.

அவ்வேளையில் அரசு ஏட்டைப் புரட்டும் ஆய்வாளர் ஒருவர் வாச்சாத்தியைப் பற்றி என்ன கண்டிருப்பார்? சந்தனக் கடத்தல் வழக்கு, கைதானோர் தொகை, அவ்வளவே.

ஒரு குற்றம் ஏட்டில் ஏற வேண்டுமாயின், தமக்கு நேர்ந்தது குற்றமென்று பாதிக்கப்பட்டவர் உணர வேண்டும். அஞ்சாமல் காவல் நிலையம் செல்ல வேண்டும். அங்குள்ளவர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். எளியோரின் துயரம் இம்மூன்று படிகளில் ஏதேனும் ஒன்றில் இடறி விழுந்துவிடுகிறது. எழுத வேண்டியவரே தாக்கியவராகவும் இருப்பின் சொல்லவே வேண்டியதில்லை. இக்குறையை உணர்ந்தே 1972இல் அமெரிக்காவும் 1982இல் பிரிட்டனும், காவல்துறைக் கணக்கை மட்டும் நம்பாமல், வீடு வீடாகச் சென்று மக்களையே வினவும் ஆய்வுகளைத் தொடங்கின.

இத்துறையைப் பாதிக்கப்பட்டோரியல் என்பர். 1940களில் இதற்கு வித்திட்ட மெண்டல்சோன், வான் ஹென்டிக் ஆகியோர் குற்றம் நிகழ்வதில் பாதிக்கப்பட்டவருக்கும் பங்குண்டா என்று ஆராய்ந்தனர். அந்த நோக்கு எமக்கு உடன்பாடன்று. பிற்கால ஆய்வாளர் பலரும் அதனைக் கடிந்துள்ளனர்.

வினவும் முறையில்தான் ஆய்வின் உயிர் உள்ளது. 2005-06ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நல ஆய்வு, இல்லற வன்முறை பற்றிய வினாக்களை ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே, அதுவும் பிறர் எவரும் அருகில் இல்லாதபோதே கேட்க வேண்டும் என விதித்தது. கணவனோ மாமியாரோ பக்கத்தில் நின்றால் எந்தப் பெண் வாய் திறப்பாள்? நம் பகுதிக்கே வருவோம். பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்களில் முன்பணம் பெற்று உழைப்போரிடம், 'நீங்கள் கொத்தடிமையா?' என்று கேட்டால் 'இல்லை' என்பதே விடையாக இருக்கும். எவ்வளவு முன்பணம் வாங்கினீர்கள், அதை அடைக்காமல் வேறு தறிக்குப் போக முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். நிலைமை தானே விளங்கும். களப்பணிக்குச் செல்லும் மாணவர்கள் இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொள்வார்களாக. கேட்டறிந்த பெயர்களைக் காப்பதும் அவர்தம் கடமையே. நம் குறிப்பேடு தவறான கைக்குப் போனால் மறுநாள் அடி விழுவது அவர்கள் மீதுதான்.

வாச்சாத்தியிலும் நேரில் சென்று கேட்டதாலேயே உண்மை வெளிப்பட்டது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினர் செய்தியை வெளிக்கொணர்ந்தனர். அரசுத் தரப்பு மறுத்த வேளையில், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி 1992 ஆகஸ்டில் அவ்வூருக்கே சென்று விசாரித்தார். அவரது அறிக்கை மக்களின் கூற்றுக்கு வலுச் சேர்த்தது. 1995இல் உயர்நீதிமன்ற ஆணைப்படி வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றது. குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புரைக்கும் முன் அவர்களுள் 54 பேர் இறந்துவிட்டனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டனர். மேல்முறையீடுகளைத் தள்ளிய சென்னை உயர்நீதிமன்றம், வன்கொடுமைக்கு உள்ளான 18 பெண்களுக்கும் தலா 10 இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்ட நாள் 2023 செப்டம்பர் 29. அதற்குள் 31 ஆண்டுகள் கழிந்திருந்தன.