மெட்டில்லாப் பேஸ் கிட்டார்: கோடு வேண்டுமா, வேண்டாமா?

வீணைக்கு மெட்டுகள் உண்டு, பிடிலுக்கு இல்லை. இவ்விரண்டையும் கேட்டுப் பழகிய நமக்கு, மேனாட்டுப் பேஸ் கிட்டாரிலும் மெட்டுள்ளது, மெட்டில்லாதது என இரு வகை உண்டென்பது வியப்பளிக்காது. மெட்டில்லா வகையிலோ மேலும் ஓர் உட்பிரிவு உண்டு. மெட்டு இருந்திருக்கவேண்டிய இடங்களில் மெல்லிய கோடுகள் இழைக்கப்பெற்றது ஒன்று. கோடும் இன்றி வழுவழுப்பாக விடப்பெற்றது மற்றொன்று. இவற்றுள் எதனைக் கொள்வது என்பதே இவ்வுரையின் பொருள்.

இக்கேள்வி எனக்கு எழுந்ததன்று. தில்லியில் எங்கள் குடியிருப்பில் வாழும் தமிழ் இளைஞர் ஒருவருக்கு எழுந்தது. மூன்றாண்டுகள் மெட்டுள்ள பேஸ் வாசித்தவர். சிறுவர்களுக்குப் பாடஞ்சொல்லிச் சேர்த்த பணத்தில் மெட்டில்லாத ஒன்றை வாங்க விரும்பினார். “மாமா, கோடு போட்டதை வாங்கினால் நண்பர்கள் சிரிப்பார்கள், போடாததை வாங்கினால் சுருதி சேராமல் சபையே சிரிக்கும். நான் என்ன செய்வது?” என்றார். இளமையில் சிறிது பிடில் பயின்றவன் என்பதே என்னை அவர் நாடியதற்குக் காரணம். இரண்டாம் முறை வாங்க அவரிடம் பணம் இல்லையாதலின், எண்ணிப் பார்த்தே விடை கூறவேண்டியிருந்தது.

பேஸ் கிட்டாரின் முன்னோடியான டபிள் பேஸ் ஆளுயரமுடையது, மெட்டில்லாதது. 1951-ல் அமெரிக்காவில் லியோ பெண்டர் தம் மின்சாரப் பேஸ் கிட்டாரை வெளியிட்டபோது, அதற்கு மெட்டுகள் பொருத்தி, ‘துல்லியம்’ எனப் பொருள்படும் ‘பிரெசிஷன்’ என்னும் பெயரையே சூட்டினார். விரல் சற்றே விலகினும் மெட்டு சுரத்தைக் காத்துவிடும் என்பது கருத்து. ஆயின் அத்துல்லியத்தைத் துறந்து பழைய நாதத்தை நாடியவரும் இருந்தனர். 1966-ல் ஆம்பெக் நிறுவனம் மெட்டில்லாப் பேஸை விற்பனைக்குக் கொணர்ந்தது. பின்னர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் (1951–1987) என்பார், தம் பேஸின் மெட்டுகளைக் களைந்து, பள்ளங்களை அடைத்து, படகுகளுக்குப் பூசும் பிசினைப் பலகைமீது பூசிக்கொண்டார். 1976-ல் வெளிவந்த அவருடைய முதல் தனி இசைத்தட்டு, இவ்வாத்தியத்தை உலகறியச் செய்தது.

மெட்டு நீங்கியதும் மாறுவது யாது? மெட்டுள்ள வாத்தியத்தில் விரல் மெட்டுக்குச் சற்றுப் பின்னே அழுந்துகிறது. தந்தியின் நீளத்தை வரையறுப்பது மெட்டே. மெட்டில்லாததில் அவ்வேலையை விரலே செய்கிறது. ஆகவே விரல் கோட்டின் மீதே அமைதல் வேண்டும். பழக்கத்தினால் இரு கோடுகளுக்கு இடையே விரலை வைப்பவருக்குச் சுரம் தாழ்ந்தே ஒலிக்கும்.

பிழையின் அளவையும் காண்போம். பெரும்பாலான பேஸ்களில் மேருவுக்கும் குதிரைக்கும் இடையே தந்தியின் நீளம் 34 அங்குலம், அதாவது ஏறத்தாழ 864 மில்லிமீட்டர். முதல் அரைச்சுரத்தின் இடைவெளி 48 மில்லிமீட்டருக்குச் சற்று மேல்; பன்னிரண்டாவதன் இடைவெளி 26 மில்லிமீட்டர் அளவே. ஓர் அரைச்சுரத்தை நூறு கூறாக்கினால், விரல் ஒரு மில்லிமீட்டர் பிசகுவதால் கீழிடத்தில் இரண்டு கூறும், நடுத்தந்தியில் நான்கு கூறும் சுருதி விலகும். மேலே செல்லச் செல்லப் பிழைக்கு இடம் குறைகிறது.

இங்கே கோடு உதவுகிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் உதவிக்கு எல்லை உண்டு. முதலாவது, வாசிப்பவர் விரற்பலகையை நேரெதிரே காண்பதில்லை. மேலிருந்து சாய்வாகக் காண்கிறார். ஆதலின் கோடும் விரலும் பொருந்தியதாகத் தோன்றுவது பொருந்தாமலும் இருக்கலாம். இரண்டாவது, குதிரை சரியான இடத்தில் அமையாவிடின் கோடுகள் அனைத்துமே பிழைபடும். மூன்றாவது, கோடு காட்டுவது சமமாகப் பகுக்கப்பட்ட பன்னிரு சுரங்களின் இடத்தையே. தம்பூராச் சுருதியோடு இயல்பாக இழையும் அந்தர காந்தாரம், நான்காம் கோட்டினின்று ஏறத்தாழ 14 கூறு தாழ்ந்தது. விரலைச் சுமார் அரை சென்டிமீட்டர் மேருவின் பக்கம் நகர்த்தினாலன்றி அது கிட்டாது. பியானோவோடு சேர்ந்து வாசிக்கையில் கோடே சரி. எப்பொழுது எதுவென்பதைச் செவியே தீர்மானிக்கவேண்டும்.

கோடில்லாத வாத்தியத்திலும் வழிகாட்டிகள் இல்லாமலில்லை. கழுத்தின் விளிம்பில் புள்ளிகள் இருக்கும். அவை சிலவற்றில் மெட்டின் இடத்திலேயே அமைந்திருக்கும். சிலவற்றில் இரண்டு மெட்டிடங்களுக்கு நடுவே அமைந்திருக்கும். வாங்குமுன் இதனை வினவியறிதல் இன்றியமையாதது. அன்றியும், தந்தியின் சரிபாதியில் விரலை அழுத்தாமல் தொட்டு மீட்டினால் மணிபோன்ற மேலொலி எழும். அவ்விடமே பன்னிரண்டாம் மெட்டின் இடம். மேருவிலிருந்து மூன்றிலொரு பங்கில் ஏழாவதும், நான்கிலொரு பங்கில் ஐந்தாவதும் அவ்வாறே புலப்படும். இவை தந்தியே இட்டுக்கொண்ட கோடுகள்.

தந்தி மரத்தின்மீது நேரே படிவதால் எழும் குழைவான, மனிதக் குரலையொத்த நாதமே இவ்வாத்தியத்தின் சிறப்பு. கோடு இருப்பினும் இல்லாவிடினும் அந்நாதம் மாறாது. சொரசொரப்பாக முறுக்கிய தந்தி பலகையை விரைவில் அராவிவிடும். தட்டையாகச் சுற்றிய தந்தி மரத்தைக் காக்கும்.

நான் பிடில் தொடங்கியபோது ஆசிரியர் பலகையில் மெல்லிய காகிதக் கீற்றுகளை ஒட்டினார். சில மாதங்களில் அவரே உரித்தெடுத்தார். பத்து நாள் விரல் தடுமாறியது; பின்னர் தானே இடமறிந்தது. கீற்று இருந்ததற்காக நான் வெட்கப்பட்டதில்லை. ஆயின் அது இருந்தவரை நான் செவிசாய்க்கவில்லை என்பதும் உண்மை.

ஆகவே இளைஞரிடம் இவ்வாறு கூறினேன்: “தம்பி, கோடுள்ளதையே வாங்கு. ஜாக்கோவின் பேஸிலும் அடைத்த பள்ளங்கள் கோடுகளாகத் தெரிந்தன; அவரைப் பார்த்து எவரும் சிரிக்கவில்லை. ஆனால் நாள்தோறும் அரைமணி நேரம், கண்களை மூடித் தம்பூராச் சுருதியோடு ஒவ்வொரு சுரத்தையும் நீண்டநேரம் நிறுத்தி வாசி. பிறகு கண்திறந்து விரல் எங்கே நிற்கிறதென்று பார்.”

அவர் அவ்வாறே வாங்கினார். மாலை வேளைகளில் சுவருக்கு அப்பாலிருந்து சட்ஜமும் பஞ்சமமும் கேட்கின்றன. பஞ்சமம் இப்பொழுது பெரும்பாலும் சேர்ந்துவிடுகிறது; காந்தாரத்திற்கு இன்னும் சில மாதங்கள் ஆகும்.