பிரேக் ஆயிலின் இனம் அறிதல்

பழங்காலக் கார் ஒன்றை வாங்குகிறவர் இன்ஜினை ஓடவிட்டுக் கேட்டும், தகரத்தைத் தட்டிப் பார்த்தும் திருப்தியடைந்துவிட்டு, மாஸ்டர் சிலிண்டரின் மேலுள்ள சிறு கிண்ணத்தில் நிற்கும் திரவம் இன்னதென்று விசாரியாமலே, குறைந்த அளவுக்குக் கையில் கிடைத்த பிரேக் ஆயிலை ஊற்றிவிடுவது உண்டு. அதனால் விளையும் அனர்த்தம் உடனே தெரிவதில்லை; பொருந்தாத எண்ணெயில் ஊறிய ரப்பர் வாஷர் நாளடைவில் பருத்து, திரவம் திரும்பிச் செல்லும் நுண்ணிய துவாரத்தை அடைத்துக்கொள்ள, மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் பிரேக் விடாமல் சக்கரம் இறுகும்போதுதான் தெரியும்.

1921-இல் அமெரிக்காவின் டியூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களுக்கும் திரவ பிரேக்குடன் வந்த காலத்தை ஒட்டி, ஆமணக்கெண்ணெயும் சாராயமும் கலந்த திரவம் வழக்கத்தில் இருந்தது. இன்று பழைய கார்களில் காணக்கூடியவை மூன்று இனங்கள். முதலாவது, டாட் 3, டாட் 4, டாட் 5.1 என்னும் கிளைகோல் வர்க்கம்; காற்றிலுள்ள ஈரத்தைக் கிரகிப்பது இதன் சுபாவமாகையால், புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரியில் கொதிக்க வேண்டிய டாட் 3, ஈரம் சேர்ந்தபின் 140 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகலாம்; ஆவி அழுத்தத்துக்கு ஒடுங்குவதால் மிதி தரை வரை போய்விடும். இரண்டாவது, டாட் 5 என்னும் சிலிகோன், 5.1-க்கும் இதற்கும் எண்ணில் நெருக்கமே தவிர உறவு ஏதுமில்லை. இது ஈரத்தை ஏற்காது, பெயின்ட்டைக் கெடுக்காது. ஆனால் உள்ளே புகுந்த நீர் இதனோடு கலவாமல் தாழ்ந்த இடத்தில் தங்கித் துருவை உண்டாக்கும். மூன்றாவது, சில கம்பெனிகள் மட்டும் கையாண்ட கனிம எண்ணெய்.

கிளைகோல் நிறமற்றதாகவோ மஞ்சள் கலந்த பழுப்பாகவோ இருக்க வேண்டும், சிலிகோன் ஊதாவாகவும் கனிம எண்ணெய் பச்சையாகவும் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க அரசு விதித்த நியதி. ஆயினும் வர்ணத்தை நம்பித் தீர்ப்புச் சொல்வது உசிதமன்று; வருஷக்கணக்கில் உள்ளே கிடந்த கிளைகோல் கறுத்துவிடும், சிலிகோனின் ஊதாவோ வெளிறி மஞ்சளாகிவிடும். ஆகவே கிண்ணத்திலிருந்து சில துளிகளை எடுத்து, தண்ணீருள்ள கண்ணாடிக் குப்பியில் விட்டுக் குலுக்கிப் பார்ப்பதே எளிய பரீட்சை. கரைந்து மறைந்தால் அது கிளைகோல். பிரிந்து மேலே மிதந்தால் சிலிகோன் அல்லது கனிம எண்ணெய். ஒரு பங்கு கரைந்து ஒரு பங்கு மிதந்தால், முன்பு எவரோ கிளைகோலோடு மிதக்கும் இனத்தைக் கலந்திருக்கிறார் என்று அர்த்தம்.

மிதப்பது எது என்று நிர்ணயிக்கக் காரின் சரித்திரமே துணை. 1955-இல் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான சித்ரோன் டி.எஸ். காரில் பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் ஆகிய அனைத்துக்கும் ஒரே திரவமே அழுத்தத்தைக் கொண்டு சேர்த்தது. சிவப்புத் திரவம் என வழங்கிய எல்.எச்.எஸ். ஈரத்தை இழுத்து நுட்பமான உறுப்புகளை அரித்ததால், 1966 செப்டம்பரில் எல்.எச்.எம். என்னும் பச்சைநிறக் கனிம எண்ணெய்க்கு மாறி, அதற்குரிய உறுப்புகளுக்கும் பச்சை அடையாளம் இட்டார்கள். பழைய திரவத்துக்குரியவை கறுப்பு. அமெரிக்காவுக்குச் சென்ற கார்களிலோ இம்மாற்றம் 1969-இல்தான் நேர்ந்தது. ஆகையால் ஒரே வருஷத்து இரு டி.எஸ். கார்கள் இரு வேறு திரவங்களைக் கேட்கலாம். ஒன்றின் ரப்பர் மற்றதன் திரவத்தில் கெட்டுப்போகும்.

இங்கேதான் தண்ணீர்ப் பரீட்சையின் எல்லையும் புலப்படுகிறது: கிண்ணத்தில் இப்போது இருப்பது எது என்று அது சொல்லுமேயன்றி, இருக்க வேண்டியது எது என்று சொல்லாது. அதைச் சொல்பவை கம்பெனியின் கைநூல், உறுப்புகளின் அடையாளம், ரப்பரின் நிலை ஆகிய மூன்றுமே. இவை திரவத்தோடு முரண்பட்டால், அல்லது கலப்பு என்று கண்டால், மேலே ஊற்றிச் சமாளிக்க நினையாமல், திரவத்தை முற்றிலும் வடித்து, குழாய்களைக் கழுவி, ரப்பர் அனைத்தையும் மாற்றிவிடுவதே விவேகம். அதன்பின் ஊற்றியது இன்னது, இன்ன தேதியில் என்று ஒரு சீட்டில் எழுதிக் கிண்ணத்தருகே கட்டிவைப்பவர், அடுத்து அந்தக் காரை ஓட்டப்போகிறவருக்கும் உபகாரம் செய்தவராவார்.