வங்கி வக்கீல் பார்த்துவிட்டார்

காகிதத்தில் ஒரு வீடு – 9

வல்லம் வடகாலில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும் நேரம். டீக்கடையில் கால் மணி நேரம் நின்றால் போதும், வீட்டுக் கடன் பேச்சு காதில் விழுந்துவிடும். சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலை நெடுக மனை விற்பனைத் தட்டிகள். இதே வல்லம் வடகாலில், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்காக சிப்காட் 706.50 கோடி ரூபாயில் கட்டிய குடியிருப்பை 2024 ஆகஸ்ட் 17 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். தேவையான, நல்ல வேலை. ஆனால் தங்க இடம் கிடைப்பது வேறு, சொந்தமாக ஒரு வாசற்படி இருப்பது வேறு. ஐந்தாறு வருடம் இங்கே வேலை பார்த்தவர்கள் அந்த வாசற்படியைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அப்படித் தேடிய ஒரு தம்பி என்னிடம் வந்தார். பக்கத்து ஊரில் ஓர் ஓட்டு வீடும் மனையும். விற்பவர்கள் அண்ணன் தம்பி இருவர். முன்பணம் கொடுத்தாயிற்று. "எதுக்கும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்க அண்ணா. பயமெல்லாம் இல்ல. பேங்க் வக்கீலே பார்த்து ஓகே சொல்லிட்டாரு" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டும். தொழிற்சாலைப் பகுதியில் வீடு வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் இதை நம்பித்தான் கையெழுத்துப் போடுகிறார்கள்.

வங்கியின் வக்கீல் தன் வேலையைச் சரியாகவே செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் கேட்கப்படும் கேள்வி என்ன? ‘இந்தச் சொத்தை ஈடாக வாங்கிக்கொண்டு கடன் கொடுக்கலாமா?’ என்பதுதான். வங்கிக்கு உங்கள் சம்பளம் இருக்கிறது, உங்களோடு கடனில் கையெழுத்துப் போட்டவர் இருக்கிறார். வீடு கைவிட்டுப் போனாலும் மாதத் தவணை நிற்காது. உங்கள் கேள்வி வேறு: ‘இந்த வீட்டில் என் பிள்ளைகள் யாருக்கும் பதில் சொல்லாமல் குடியிருக்க முடியுமா?’ வக்கீலுக்கான கட்டணம் உங்கள் பணம்தான். ஆனால் அவர் எழுதும் சட்டக் கருத்துரை வங்கியின் கோப்புக்குப் போகிறது. வாங்குகிறவர் கண்ணில் அது படாமலே போவதுதான் வழக்கமாக இருக்கிறது. அதன் நகலைக் கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

"சரி, பத்திரத்தைப் பதிவு செய்யும்போது சார்பதிவாளர் பார்க்க மாட்டாரா?" இது தம்பியின் அடுத்த கேள்வி. பார்க்க வைக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு முயன்றது. விற்பவர் தன் மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் காட்டினால்தான் பதிவு என்று 55-ஏ என்ற விதியைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் அந்த விதியின் முதல் உட்பிரிவை 2025 ஏப்ரல் 7 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராயும் அதிகாரம் சார்பதிவாளருக்கு இல்லை என்பதே தீர்ப்பின் சாரம். எழுதிக் கொடுத்தவர் இவர்தான், கையெழுத்து இவருடையதுதான் என்பதற்குத்தான் பதிவு சாட்சி. வழிகாட்டி மதிப்புக்குக் குறையாமல் 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் கட்டி, விரல் ரேகை வைத்து, படம் எடுத்து வாங்கும் பத்திரம், விற்றவருக்கு இல்லாத உரிமையை உங்களுக்குத் தந்துவிடாது.

அதனால் உரிமையைப் பார்க்க வேண்டியவர் வாங்குகிறவரும், அவர் தன் செலவில் வைத்துக்கொள்ளும் வக்கீலும்தான்.

தம்பி செல்போனில் வில்லங்கச் சான்றைக் காட்டினார். பதிவுத் துறையின் இணையதளத்தில் 1975 வரை பின்னோக்கிப் பார்க்கலாம். ஒரு பதிவும் இல்லை. சுத்தம் என்று சந்தோஷப்பட்டிருக்கிறார். எனக்கு அதுதான் உறுத்தியது. வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணம் மட்டும்தான் வரும். பதிவு செய்யாத உயில் வராது. நடந்துகொண்டிருக்கும் சிவில் வழக்கு பெரும்பாலும் வராது. ஒருவர் இறந்ததும் அவருடைய வாரிசுகளுக்குத் தானாக வந்துசேரும் உரிமையும் வராது. ஐம்பது வருடம் ஒரு பதிவும் இல்லை என்றால் அந்தக் குடும்பத்தில் சாவும் கல்யாணமும் நடக்கவில்லை என்று அர்த்தமா?

பட்டா அண்ணன் தம்பி இருவர் பெயரில் இருந்தது. பட்டாவை மட்டும் வைத்து உரிமையை முடிவு செய்ய முடியாது என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். எனும் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுப் பணியில் தவறிப்போன பெயர்களுக்காக இன்றும் தாலுகா அலுவலகங்களில் மனுக்கள் வந்துகொண்டிருக்கின்றன.

இந்தப் பகுதிக்கென்று இன்னொரு எச்சரிக்கை உண்டு. பட்டியல் சாதி மக்களின் நிலமற்ற நிலைமை பற்றி, அன்றைய செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையிலிருந்துதான் பஞ்சமி நிலம் பிறந்தது. அவர்களுக்கு நிலம் ஒதுக்க மறு வருடமே அரசாணை வந்தது. பத்து வருடத்துக்கு விற்கக் கூடாது, பிறகு விற்றாலும் அந்த மக்களுக்குள்ளேதான் விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அறிக்கை பிறந்த அதே மண்ணில்தான் நாம் மனை வாங்குகிறோம். கிராம நிலங்களின் பழைய ‘அ’ பதிவேட்டைப் பார்க்காமல் வாங்குவது, வாங்குகிறவரின் பணத்துக்கு மட்டும் ஆபத்தில்லை. பறிகொடுத்தவர்களுக்கு இன்னொரு முறை செய்யும் அநியாயமும்கூட. சர்வே எண் சிப்காட் கையகப்படுத்தும் அறிவிப்பில் இருக்கிறதா என்பதையும் விசாரிக்க வேண்டும். தொழிலுக்காக நிலம் எடுக்க 1997-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது.

தம்பி இந்த வீட்டை வாங்கிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அன்றைக்கே மூலப்பத்திரங்கள் வங்கிக்குப் போய்விடும். உரிமைப் பத்திரங்களை ஒப்படைத்து ஏற்படுத்தும் அடமானம் இது. பேச்சு வழக்கில் ‘எம்.ஓ.டி.’ 1783-இல் இங்கிலாந்து நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட முறை. 1989-இல் வந்த ஒரு சட்டத்தோடு அங்கே அது வழக்கொழிந்தது. இங்கே நம் வீட்டுக் கடன்களே அதன் மேல்தான் நிற்கின்றன. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின்படி சென்னை, மும்பை, கொல்கத்தாவிலும் அரசு அறிவித்த நகரங்களிலும்தான் பத்திரத்தை இப்படி ஒப்படைக்க முடியும். நிலம் எந்தக் கிராமத்திலும் இருக்கலாம். பத்திரம் கைமாறும் ஊர்தான் கணக்கு. தமிழ்நாட்டில் இதற்குக் கடன் தொகையில் அரை சதவீதம் முத்திரைத் தீர்வை, ஒரு சதவீதம் பதிவுக் கட்டணம். இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு.

வட்டி குறைவு என்று கடனை இன்னொரு வங்கிக்கு மாற்றினால் இந்தச் செலவு மறுபடி வரும். புது வக்கீல், புது மதிப்பீடு, புது எம்.ஓ.டி. மாறும் வட்டி வீட்டுக் கடனைத் தனிநபர் முன்கூட்டியே அடைத்தால் வங்கி அபராதம் வாங்கக் கூடாது என்று 2012-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டதால் பழைய வங்கி அதைக் காட்டித் தடுக்க முடியாது. ஆனாலும் தவணையில் வட்டியின் பங்கு அதிகமாக இருக்கும் முதல் சில வருடங்களில் மாற்றினால்தான் மிச்சம். கடைசி மூன்று நான்கு வருடத்தில் மாற்றுவது பெரும்பாலும் வீண் அலைச்சல்.

எல்லாரும் மறப்பது ரசீது. கடன் முடிந்ததும் வங்கி தரும் கடிதத்தை பீரோவில் வைத்துவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். எம்.ஓ.டி. பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்தது என்ற ரசீதையும் சார்பதிவகத்தில் பதிய வேண்டும். அதுவரை வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே நிற்கும். பத்து வருடம் கழித்து விற்கப் போகும்போதுதான் தெரியும். அதற்குள் கடன் கொடுத்த வங்கியே இல்லாமல் போயிருக்கும். 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியிலும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியிலும் சேர்ந்தன. 2023 ஜூலையில் எச்.டி.எப்.சி. வீட்டுக் கடன் நிறுவனம் அதே பெயருள்ள வங்கியோடு சேர்ந்தது. பழைய கோப்பைத் தேடி, இன்றைய அதிகாரியைக் கையெழுத்துக்குக் கூட்டிவருவது லேசான வேலையல்ல.

மூலப்பத்திரங்களைத் திருப்பித் தருவதற்கு ரிசர்வ் வங்கி கெடு வைத்திருக்கிறது. 2023 செப்டம்பர் 13-ஆம் தேதிச் சுற்றறிக்கைப்படி, கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. பத்திரம் தொலைந்தால் நகல் வாங்கும் செலவும் வங்கியுடையது. இதைக் கேட்டு வாங்க, ஒப்படைத்த நாளில் வங்கி கொடுத்த ஆவணப் பட்டியல் கையில் இருக்க வேண்டும். ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தம்பியின் விஷயத்துக்கு வருகிறேன். அந்த அண்ணன் தம்பியின் அப்பாவுடைய வாரிசுச் சான்றை வாங்கிவரச் சொன்னேன். ஒரு வாரம் இழுத்தடித்துத்தான் கொடுத்தார்கள். அதில் மூன்றாவதாக ஒரு மகள் பெயர். "கட்டிக் கொடுத்தாச்சுங்க, அவங்களுக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சாச்சு" என்றார்களாம். உயில் எழுதாமல் இறந்த அப்பாவின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகளுக்கு மகனுக்கு இணையான பங்கு 1956-லிருந்தே இருக்கிறது. பூர்வீகச் சொத்திலும் திருமணமாகாத மகள்களுக்குத் தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் உரிமை கொடுத்தது; 2005-இல் நாடு முழுவதும் எல்லா மகள்களுக்கும் வந்தது. சீர் செய்ததால் பங்கு தீர்ந்துவிடாது.

தம்பி அந்த அம்மாவைத் தேடிப் போனார். வாலாஜாபாத் பக்கம் ஒரு கிராமம். தன் பெயரும் அந்த வீட்டில் இருக்கிறது என்று அவரிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. பதிவு மூன்று வாரம் தள்ளிப்போனது. கிரையப் பத்திரத்தில் எழுதிக் கொடுப்பவர்கள் மூன்று பேர் ஆனார்கள். விலையில் மூன்றில் ஒரு பங்குக்கான காசோலை அந்த அம்மாவின் பெயரிலேயே எழுதப்பட்டது. அதை மடிக்காமல், வந்த மஞ்சள் பையில் பட்டா நகலுக்கு நடுவே வைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.