எந்தப் பல்கலைக்கழகம்? – பொறியியல் சேர்க்கையும் விருப்பப் பட்டியலும்

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியானதும் இயற்பியல் ஆசிரியர்களைத் தேடி ஒரு கேள்வி வரும். "சார், பொறியியல் படிக்க எந்தப் பல்கலைக்கழகம் நல்லது?" மதுக்கரையிலும் கிணத்துக்கடவிலும் பொள்ளாச்சியிலும் கேள்வி ஒன்றே. ஆண்டு முழுவதும் ஒளிவிலகல் பற்றி ஒரு சந்தேகமும் கேளாத மாணவர்கூட அன்று பெற்றோருடன் வந்து நிற்பார். கேட்பதில் தவறில்லை. நான்கு ஆண்டு உழைப்பும் ஒரு குடும்பத்தின் சேமிப்பும், சில வீடுகளில் விற்கப்போகும் ஓர் ஏக்கர் நிலமும் அந்த ஒரு முடிவில் அடங்கியிருக்கின்றன. ஆனால் தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, இக்கேள்விக்கு விடை தேடுமுன் கேள்வியையே சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும்.

கோவையின் மூன்று பழைய கல்லூரிகளை எடுத்துக்கொள்வோம். அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி 1945இல் ஆர்தர் ஹோப் என்பவரின் பெயரால் தொடங்கப்பட்டது. பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951இலும், சி.ஐ.டி. என்று அழைக்கப்படும் கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கல்லூரி 1956இலும் பிறந்தன. தொடக்கத்தில் இவற்றில் படித்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றனர். 1982இல் பாரதியார் பல்கலைக்கழகம் அமைந்தபின், பட்டத்தில் அதன் பெயர் வந்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மாநிலத்தின் பொறியியற் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. 2007இல் அதுவும் பிரிக்கப்பட்டு, கோவைக்கென ஓர் அண்ணா பல்கலைக்கழகம் அமைந்தது. 2012இல் பிரிந்தவை மீண்டும் ஒன்றாயின. ஆக, ஒரே பீளமேட்டு வளாகத்தில், ஒரே பட்டறையில் கடைசல் பிடித்த மாணவர்களின் பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் நான்கு முறை மாறியிருக்கிறது. கற்பித்தவர்களோ ஆய்வுக்கூடமோ பெயர் மாறிய அன்று மாறிவிடவில்லை.

இன்று மாநிலக் கலந்தாய்வின் வழியே சேருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பெறப்போவது அண்ணா பல்கலைக்கழகப் பட்டமே. ஆகவே 'எந்தப் பல்கலைக்கழகம்' என்பதைவிட, 'எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, அங்கே பாடத்திட்டமும் வினாத்தாளும் யார் கையில்' என்று கேட்பதே பொருளுடையது.

வினாத்தாள் யார் கையில்?

கிண்டி பொறியியற் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. போன்றவை பல்கலைக்கழகத்தின் சொந்தத் துறைகள். அடுத்து வருபவை இணைவு பெற்ற கல்லூரிகள். பாடத்திட்டமும் பருவத் தேர்வும் பல்கலைக்கழகத்தினுடையவை. கற்பிப்பது மட்டுமே கல்லூரியின் வேலை. மூன்றாவது வகை தன்னாட்சிக் கல்லூரிகள். பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்தினுடையதுதான் என்றாலும், பாடத்திட்டம் வகுப்பதும் தேர்வு நடத்துவதும் விடைத்தாள் திருத்துவதும் கல்லூரியே. மேற்கூறிய மூன்று கோவைக் கல்லூரிகளும் இவ்வகையின. நல்ல ஆசிரியர்கள் உள்ள இடத்தில் தன்னாட்சி ஒரு வரம்; புதிய பாடங்களைக் காலந்தாழ்த்தாமல் கொண்டுவரலாம். ஆசிரியர்கள் போதாத இடத்தில் அதே தன்னாட்சி, எளிய வினாத்தாளுக்கும் தாராள மதிப்பெண்ணுக்கும் வழியாகிவிடக்கூடும். 'தன்னாட்சி' என்ற சொல்லை மட்டும் பார்த்து மயங்க வேண்டியதில்லை.

நான்காவது வகை நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். பாலக்காட்டு இரயில் பாதையில் மதுக்கரைக்கு அடுத்த நிலையமான எட்டிமடையில் உள்ள அமிர்தாவும், சிறுவாணிச் சாலையில் உள்ள காருண்யாவும் இவ்வகையின. பட்டத்தைத் தாமே வழங்குகின்றன. மாணவர் சேர்க்கையையும் தாமே நடத்துகின்றன. மாநிலக் கலந்தாய்வின் இட ஒதுக்கீடும் கட்டண வரம்பும் இங்கே பொருந்தா. இவற்றில் முன்பணம் கட்டும் நாள் கலந்தாய்வுக்கு முன்பே வந்துவிடுவதுண்டு. பணத்தைக் கட்டுமுன், இடத்தை விட்டுவிட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவது நலம்.

மதிப்பெண்ணின் மீச்சிற்றளவு

கலந்தாய்வில் தரவரிசை எப்படி அமைகிறது? கணித மதிப்பெண் 100க்கு, இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கப்பட்டு 50, 50, மொத்தம் 200. இதையே நாம் கட் ஆஃப் என்கிறோம். 1984 முதல் 2006 வரை நுழைவுத் தேர்வு ஒன்றும் இருந்தது. அதன் 100 மதிப்பெண்களையும் சேர்த்து அப்போது 300க்குக் கணக்கிடுவார்கள். நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டபின் பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே அளவுகோல்.

வெர்னியர் அளவியைக் கையாண்ட மாணவர்களுக்கு மீச்சிற்றளவு என்றால் என்னவென்று தெரியும். ஒரு கருவி அளந்து காட்டக்கூடிய மிகச் சிறிய வேறுபாடு அது. நம் மாநிலப் பாடத்திட்ட மாணவரின் கட் ஆஃப் மதிப்பெண்ணுக்கு மீச்சிற்றளவு 0.5. சுழியிலிருந்து 200 வரை அரை அரையாக ஏறினால் 401 படிகளே உள்ளன. 2024ஆம் ஆண்டின் தரவரிசைப் பட்டியலில் இருந்தவர்களோ ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். வகுத்துப் பாருங்கள்: சராசரியாக ஒவ்வொரு படியிலும் 500 பேர் நெருக்கியடித்து நிற்க வேண்டும். உண்மையில் எல்லாப் படிகளிலும் சமமாக நிற்பதில்லை. நடுப்பகுதியில் நெரிசல் இன்னும் மிகுதி.

ஒரே படியில் நிற்பவர்களை வரிசைப்படுத்த முதலில் கணித மதிப்பெண்ணையும், அடுத்து இயற்பியலையும், பின்னர் வேறு சிலவற்றையும் பார்க்கிறார்கள். எல்லாம் சமமாக இருந்தால் கடைசியில் கணிப்பொறி தரும் சமவாய்ப்பு எண்தான் தீர்ப்பு. செய்தித்தாள்கள் ரேண்டம் எண் என்று எழுதுவது இதைத்தான். ஆகவே இயற்பியலில் ஒரே ஒரு மதிப்பெண் குறைந்தால் கட் ஆஃபில் அரை குறையும். தரவரிசையிலோ பல நூறு பேருக்குப் பின்னால் போய்விடுவோம். இதைக் கண்டு மனமுடைந்து போகும் மாணவர்களைப் பார்க்கிறேன். இரண்டு மாணவருக்கிடையே அரை மதிப்பெண் வேறுபாடு அறிவின் வேறுபாடு அன்று. கருவியின் பிழை எல்லைக்குள் அடங்கியது. நிர்வாகத்துக்கு ஒரு வரிசை தேவைப்படுகிறது, அவ்வளவே.

அஞ்சி எழுதும் பட்டியல்

தரவரிசை வந்தபின் மாணவர் தம் விருப்பப் பட்டியலை இணையத்தில் பதிய வேண்டும். எத்தனை கல்லூரி, எத்தனை பிரிவு வேண்டுமானாலும் எழுதலாம். இங்கேதான் ஊரில் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. "கிடைக்காத கல்லூரியை முதலில் எழுதினால் கிடைக்கக்கூடியதும் போய்விடும்" என்கிறார்கள். சில கணினி மையங்களில் காசு வாங்கிக்கொண்டு இப்படித்தான் எழுதிக் கொடுக்கிறார்கள்.

கணிப்பொறி செய்வது மிக எளிய வேலை. தரவரிசையில் முதலில் உள்ளவரின் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து, அவருக்குரிய ஒதுக்கீட்டுப் பிரிவில் காலியாக உள்ள முதல் இடத்தைத் தருகிறது. பிறகே அடுத்தவரிடம் செல்கிறது. நம் முறை வருமுன் நம் பட்டியலை அது பார்ப்பதே இல்லை. முறை வந்துவிட்டால், நம்மைவிடப் பின்தங்கியவர் எவரும் நம் ஒதுக்கீட்டில் நமக்கு முன்னே இடம் எடுத்திருக்க முடியாது.

மூன்று மாணவர், மூன்று கல்லூரி, கல்லூரிக்கு ஓர் இடம் என வைத்துக்கொள்வோம். தரவரிசையில் செல்வி முதல்வர், முருகன் இரண்டாமவர், கவிதா மூன்றாமவர். முருகனுக்கு உண்மையில் பிடித்த வரிசை அ, ஆ, இ. செல்வி எப்படியும் 'அ' கல்லூரியை எடுத்துக்கொள்வாள் என்று அஞ்சி, அவன் 'அ'வை விட்டுவிட்டு ஆ, இ என்று மட்டும் எழுதுகிறான். செல்வியோ தன் வீட்டுக்கு அருகில் என்பதால் 'ஆ'வை முதலில் எழுதியிருக்கிறாள். செல்விக்கு 'ஆ' போகிறது. முருகனுக்கு 'இ' கிடைக்கிறது. அவனைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்ற கவிதா, துணிந்து எழுதிய 'அ' கல்லூரியில் போய்ச் சேருகிறாள்! முருகன் 'அ'வை முதலில் எழுதி, அது கிடைக்காமல் போயிருந்தாலும் ஒன்றும் இழந்திருக்கமாட்டான். கணிப்பொறி அடுத்த வரிக்கு நகர்ந்திருக்கும்.

அந்த நம்பிக்கை முழுக்க ஆதாரமற்றதும் அன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பள்ளிச் சேர்க்கைக்கு 2005 வரை வேறொரு முறை இருந்தது. ஒவ்வொரு பள்ளியும் தன்னை முதல் விருப்பமாக எழுதியவர்களுக்கே முதலில் இடம் தரும். அங்கே இடம் கிடைக்காதவர் இரண்டாம் விருப்பத்துக்கு வரும்போது, அந்தப் பள்ளி தன்னை முதலில் எழுதியவர்களால் நிரம்பியிருக்கும். அம்முறையில் உண்மையை எழுதுவது நஷ்டம். சூது தெரிந்த பெற்றோருக்கே லாபம். இக்குறையைப் பொருளியலறிஞர்கள் எடுத்துக்காட்டியபின் பாஸ்டன் அதைக் கைவிட்டது. டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற கணித அறிஞர்கள் 1962இல் வெளியிட்ட ஒரு சிறு கட்டுரையில் இருந்த வழியே மாற்றாக வந்தது. ஷேப்லியும் ஆல்வின் ராத்தும் 2012இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றது இத்துறை ஆய்வுகளுக்காகவே. நம் நாட்டில் ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இடங்களுக்கு 2015 முதல் நடைபெறும் கூட்டு ஒதுக்கீட்டின் அடிப்படையும் அதுவே.

ஆகவே பட்டியலில் தந்திரத்துக்கு இடமில்லை. விரும்பும் வரிசையிலேயே எழுத வேண்டும். கீழே போதிய எண்ணிக்கையில் எழுத வேண்டும். சேர மனமில்லாத கல்லூரியை எழுதவே கூடாது. குறியீட்டு எண்ணை மட்டும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்க வேண்டும். ஒரே அறக்கட்டளையின் பெயரில் பீளமேட்டில் ஒரு கல்லூரியும் நீலாம்பூரில் இன்னொன்றும் இருக்கின்றன. ஒரே கல்லூரிக்குள்ளேயே அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் தனித்தனி வரிகளாக இருக்கும். கட்டணத்தில் பெரிய வேறுபாடு உண்டு.

வெப்பநிலைமானி எதை அளக்கிறது?

தந்திரம் வேண்டாம் என்றால், சிந்தனை முழுவதையும் எதை விரும்புவது என்பதில் செலவிடலாம். பெரும்பாலோர் இதற்குப் பயன்படுத்தும் ஒரே சான்று, சென்ற ஆண்டு அக்கல்லூரியில் கடைசியாகச் சேர்ந்தவரின் கட் ஆஃப். அது எதை அளக்கிறது? கல்லூரியை எத்தனை பேர் விரும்பினார்கள் என்பதை. எப்படிக் கற்பிக்கிறார்கள் என்பதை அன்று. உயர்ந்த கட் ஆஃபைக் கண்டு நல்ல மதிப்பெண்காரர்கள் விரும்புகிறார்கள். அவர்கள் விரும்புவதால் கட் ஆஃப் மேலும் உயருகிறது. ஒலிபெருக்கியின் ஒலி ஒலிவாங்கிக்குள்ளேயே மீண்டும் புகுந்து ஊளையிடுவதைத் திருவிழாக்களில் கேட்டிருப்பீர்கள்; இதுவும் அத்தகைய பின்னூட்டந்தான்.

கல்லூரிவாரியாக அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விழுக்காடு இதைவிடச் சற்று மேலான சான்று. ஆனால் தன்னாட்சிக் கல்லூரிகள் வேறு வினாத்தாளில் அளக்கின்றன. அவற்றை இதனுடன் ஒப்பிடலாகாது. மேலும், 190க்கு மேல் பெற்றவர்களையே சேர்த்துக்கொள்ளும் கல்லூரியில் பெரும்பாலோர் தேறுவது வியப்பன்று. 130 பெற்றவர்களை வைத்துக்கொண்டு பாதிக்கு மேல் தேறச் செய்யும் கல்லூரியில்தான் வகுப்பறையில் ஏதோ நடக்கிறது என்பேன்.

புகழ்பெற்ற கல்லூரியே வாழ்வை நிர்ணயிக்கிறதா என்பதை அமெரிக்காவில் ஸ்டேசி டேல், அலன் குரூகர் என்ற இருவர் ஆராய்ந்து 2002இல் வெளியிட்டனர். 1976இல் கல்லூரியில் சேர்ந்தவர்களின் பிற்கால ஊதியத்தை எடுத்துக்கொண்டு, ஒரே தரமான கல்லூரிகளில் இடம் கிடைத்தவர்களுள் புகழ்பெற்றதில் சேர்ந்தவர்களையும் சாதாரணமானதில் சேர்ந்தவர்களையும் ஒப்பிட்டனர். ஊதியம் ஏறத்தாழ சமமாகவே இருந்தது. ஆனால் ஒரு விதிவிலக்கு: வறிய குடும்பத்து மாணவர்களுக்கு மட்டும் நல்ல கல்லூரி தெளிவான பயனைத் தந்தது. வீட்டில் வழிகாட்ட ஆளும் அறிமுகமும் உள்ளவனுக்குக் கல்லூரியின் பெயர் கூடுதல் அணிகலன். இல்லாதவனுக்கு அதுவே முதல் அறிமுகம். அமெரிக்க ஊதியக் கணக்கை அப்படியே கோவைக்குப் பொருத்தமுடியாதுதான். எனினும் குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகும் மாணவர், தூரத்துக்கோ விடுதிக்கோ அஞ்சிப் பழைய நல்ல கல்லூரியைக் கைவிடக்கூடாது என்பது என் கருத்து. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்பதாக அறிவித்தது. இதை அறியாமலேயே அருகிலுள்ள ஏதோ ஒரு கல்லூரியோடு நின்றுவிடுகிறார்கள்.

கல்லூரியா, பிரிவா என்ற வழக்கு தீராதது. கணினிப் பிரிவு கிடைத்தால் எந்தக் கல்லூரியும் சரி என்ற எண்ணம் இன்று ஓங்கியிருக்கிறது. சிமெண்ட் ஆலையால் பேர்பெற்ற மதுக்கரையில் வளர்ந்தவருக்கு ஒன்று சொல்லலாம். சிமெண்ட் சுழல் உலையில் சுண்ணாம்புக்கல் கலவை ஏறத்தாழ 1450 பாகை செல்சியசு வரை சூடேறுகிறது. அந்த வெப்பத்தை அளப்பவர், உலையைச் சுழற்றும் மோட்டாரைப் பேணுபவர், கலவையின் வேதியியலைக் காப்பவர், இவற்றையெல்லாம் கட்டுப்படுத்தும் நிரலை எழுதுபவர் என ஓர் ஆலைக்கே நான்கு வகைப் பொறியாளர் வேண்டும். நிரல் எழுதுவதை எந்தப் பிரிவிலிருந்தும் பின்னர் கற்கலாம். உலையைக் கற்க உலையும் ஆய்வுக்கூடமும் வேண்டும். எனவே ஆய்வுக்கூடம் வலுவாக உள்ள கல்லூரியில் இயந்திரவியலோ மின்னியலோ கிடைக்கும்போது, ஆசிரியர் நிலைக்காத கல்லூரியின் கணினிப் பிரிவுக்காக அதை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தரச் சான்றைக் கேட்கும்போது கல்லூரிக்கு உண்டா என்று கேட்டால் போதாது. தேசிய அங்கீகார வாரியமான என்.பி.ஏ. தரும் சான்று கல்லூரிக்கு அன்று, பிரிவுக்கு. ஒரே கல்லூரியில் மின்னியலுக்கு இருந்து கணினிக்கு இல்லாமலிருக்கலாம். 2014 முதல் இந்தியா வாஷிங்டன் ஒப்பந்தத்தில் நிரந்தர உறுப்பு நாடு. ஆனால் பல்கலைக்கழகத் துறைகளிலும் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் முதல் நிலைச் சான்று பெற்ற பிரிவுகளின் பட்டமே அதன் கீழ் வெளிநாடுகளில் ஏற்கப்படும். சான்றுக்குக் காலவரம்பும் உண்டு. எந்த ஆண்டு வரை என்று பார்க்க வேண்டும்.

பட்டியலைப் பதியுமுன் ஒரு வேலைநாளில் கல்லூரிக்கு நேரில் போய்வாருங்கள். வரவேற்பறையில் உட்காராமல், மூன்றாம் ஆண்டு மாணவர் இருவரைத் தேடிப் பிடியுங்கள். சென்ற பருவத்தில் எத்தனை பாடங்களுக்கு நடுவில் ஆசிரியர் மாறினார், ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவிக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள், நூலகம் மாலை எத்தனை மணி வரை திறந்திருக்கிறது என்று கேளுங்கள். வேலை கிடைத்தவர்களின் எண்ணிக்கையைச் சொன்னால், எந்தப் பிரிவில், எந்த நிறுவனத்தில், எவ்வளவு ஊதியத்தில் என்றும் கேளுங்கள். உக்கடத்திலிருந்து அந்தக் கல்லூரிக்குக் காலை எட்டு மணிக்குப் பேருந்து இருக்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடலாம்.