நியாயஸ்தல அலுவலும் கல்லூரி மாணாக்கரும்

நியாயஸ்தலம் என்றவுடன் நீதிபதியின் ஆசனமும் வக்கீலின் கறுப்பு அங்கியுமே நம் மனக்கண் முன் தோன்றுகின்றன. ஆயினும் ஒரு வழக்கைத் தொடக்கமுதல் முடிவுவரை சுமந்து செல்வது அலுவலகமேயாகும். பிராதைச் சோதித்து எண்ணிடுவோர், சம்மன்களை அனுப்பும் நாசர் பகுதியார், கட்டளையை நிறைவேற்றும் அமீனா, தீர்ப்பின் நகலை ஒப்புநோக்கித் தருவோர், சிரஸ்தார் ஆகிய இவர்களுள் ஒருவர் வேலை தடைப்படினும் வழக்கு அங்கேயே நின்றுவிடும்.

இத்தடையின் துன்பம் ஏழைகளையே பெரிதும் சாரும். மாமல்லபுரத்தை அடுத்த கொக்கிலமேடு, தேவனேரி முதலிய குப்பங்களில், கணவனை இழந்த ஒருத்தி அவன் வங்கியில் வைத்த பணத்தைப் பெற முயல்கின்றாள் என்று கொள்வோம். வாரிசுச் சான்று தருபவர் தாசில்தார். வைப்புத்தொகை முதலியவற்றிற்குரிய இறங்குரிமைச் சான்றை 1925-ஆம் ஆண்டுச் சட்டப்படி வழங்குவது நீதிமன்றம். இவ்வேற்றுமையை அறியாதவள் செங்கற்பட்டிற்கு வீணே வந்து திரும்பினால் ஒருநாட் கூலியும் வண்டிச் சத்தமும் போயின. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டென்று 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் கூறுகின்றது. அதனை அவளுக்கு எடுத்துச் சொல்வார் வேண்டுமல்லவா?

இவ்விடத்தில்தான் மாணாக்கர்க்கு வேலையுளது. தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு 2009-இல் வகுத்த சட்டஞ்சார் தன்னார்வலர் திட்டத்தில், சட்டம் பயில்வோரேயன்றிப் பிற மாணாக்கரும் சேர இடமுண்டு. பயிற்சி பெற்றபின் சட்ட உதவி மையங்களிலும் கிராமங்களிலும் பணிபுரிவர். பணிசெய்த நாளுக்கு மதிப்பூதியம் உண்டு. அது மாதச் சம்பளமன்று. மாவட்ட நீதிபதியே மாவட்ட ஆணைக்குழுவின் தலைவராதலின், மாணாக்கர் நியாயஸ்தல நிருவாகத்தை அருகிருந்து காணலாம்.

தொண்டிற்கு ஊதியம் எதற்கு என்பார் சிலர். ஊதியமில்லாப் பயிற்சியை ஏற்க வல்லவர் வீட்டில் வசதியுள்ளவரே. விடுமுறையில் வேலைசெய்து கல்லூரிச் சம்பளம் கட்டும் பிள்ளை அதனை ஏற்க இயலாது. குப்பத்து வழக்கையும் பேச்சையும் நன்கறிந்தவனோ அப்பிள்ளைதான். அவனை வெளியே நிறுத்துவது அவனுக்கும் நட்டம், நியாயஸ்தலத்திற்கும் நட்டம்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 2004-இல் தொடங்கிய 'ஜஸ்டிஸ் கோர்' என்னும் ஏற்பாட்டில், கல்லூரி மாணாக்கர் வக்கீலில்லாத கட்சிக்காரர்க்குப் படிவம் நிரப்ப உதவினர். கைம்மாறாகக் கல்விக்கு உதவித்தொகை பெற்றனர். வழிகாட்டலாம், சட்ட ஆலோசனை கூறலாகாது என்பது அங்கு விதி. எந்த அலுவலகத்தில் எந்த மனுவைக் கொடுப்பது எனச் சொல்லுதல் வழிகாட்டல். வழக்குத் தொடுக்கலாமா, விட்டுவிடலாமா எனச் சொல்லுதல் ஆலோசனை. பிறர் வழக்கின் செய்தியை வெளியிடாமையும், கட்சிக்காரரிடம் ஒரு காசும் பெறாமையும் இத்துடன் சேர்த்துக் கொள்ளத்தக்கவை.

செங்கற்பட்டு 2019-இல் தனி மாவட்டமாயிற்று. தன்னார்வலராக விழையும் மாணாக்கர் அங்குள்ள மாவட்ட ஆணைக்குழுவை அணுகுவாராக. ஆண்டுதோறும் விடுமுறைக் காலத்தில் உரிய ஊதியத்துடன் சில மாணாக்கரை நியாயஸ்தல அலுவலகங்களில் அமர்த்தும் ஒழுங்கான ஏற்பாடும் வேண்டும் என்பது நமது கருத்து. சட்டம் நூலில் இருந்தாற் போதாது. அது வேண்டுவோர் கையில் சேரவேண்டும். சேர்க்கும் கைகளுள் நம் மாணாக்கர் கையும் ஒன்றாகுக.